நாளுக்கொரு சிறு தையல்

ஜெயபுரத்திலும் அயற்கிராமங்களிலும் வீடுகளுக்குச் செல்லும்போது ஒரு பொருள் அடிக்கடி எமது கண்ணில் படுகின்றது. அறை மூலையில், பழைய சீலையால் மூடப்பட்ட தையல் மெசின். மீள்குடியேற்றத்தின் பின்னர் வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது அது. கூடவே சில மாதப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கிடைத்தன. ஓரிரு வருடங்கள் மெசின் ஓடியது. பின்னர் பட்டி அறுந்தது; திருத்துபவரோ தூரத்தில் இருந்தார். தைத்த சட்டையை வாங்க ஆளில்லை. அதைவிட மலிவான ஆயத்த உடை சந்தையில் தொங்கியது. இன்று அந்த மெசினின் மேல் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

உதவி தந்தவர்களையோ பெற்றவர்களையோ குறைகூற நாம் இதனை எழுதவில்லை. ஒரே கிராமத்தில் பலருக்கு ஒரே தொழிலைக் கற்பித்தால் அவர்கள் எல்லோரும் யாருக்கு விற்பார்கள் என்ற கேள்வி மட்டும் அன்று போதியளவு கேட்கப்படவில்லை. அத்தோடு துணி வாங்கவும் மெசினைத் திருத்தவும் கடன் எடுத்தவர்களும் உண்டு. வாரா வாரம் வாசலுக்கு வந்து நின்ற அந்த நுண்கடன்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை வீடுகளின் நித்திரையைப் பறித்தன என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியிருந்தது.

ஆகவே இந்தப் பாடத்தில் மெசினை ஒருபுறம் வைத்துவிட்டு ஊசியில் இருந்து தொடங்குவோம். ஒரு ஊசி, ஒரு நூற்கட்டை, ஒரு கத்தரிக்கோல், வீட்டில் கிடக்கும் பழந்துணி. நாளொன்றுக்கு அரை மணி நேரம். தொடங்கிய அன்றோ மறுநாளோ முடிந்துவிடக்கூடிய சிறிய வேலை. விற்பனையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். முதலில் வீட்டுக்குத் தைப்போம். கடன் எதுவும் தேவையில்லை என்பதே இதன் முதலாவது இலாபம்.

ஏன் சிறிய வேலை?

விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஒரு முழு நாள் கையில் கிடைப்பதில்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டி, தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, காலபோகத்தில் களை பிடுங்கப் போய், வந்து ஆட்டை அவிழ்த்துக் கட்டி, மறுபடி அடுப்படி. அவளுக்குக் கிடைப்பது துண்டு துண்டான நேரம்: சோறு கொதிக்கும் நேரம், கிளினிக்கில் இலக்கம் எடுத்துவிட்டு இருக்கும் நேரம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், காவலுக்குத் தோட்டத்துக் கொட்டிலில் இருக்கும் நேரம். மெசின் ஆளை ஓரிடத்தில் இருத்திவிடும். ஊசியும் துணியும் ஒரு சிறு பைக்குள் ஆளோடு கூடவே போகும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலை நாள்தோறும் அழிந்துபோகும் வேலை. காலையில் மினுக்கிய சட்டி மாலையில் கரி பிடிக்கின்றது. கூட்டிய முற்றத்தில் வேப்பஞ்சருகு விழுகின்றது. பெரிய வேலைகளோ, கட்டிய வீடும் வெட்டிய கிணறும் நட்ட தென்னையும், எமது மக்களில் அநேகருக்கு ஒரு தடவையல்ல, பல தடவை விட்டுவிட்டு ஓடவேண்டியவையாகப் போயின. 1977 இலும் 1983 இலும் மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வந்தவர்கள், 2008 இல் இதே மன்னார் - பூநகரி வீதியோரக் கிராமங்களை விட்டுக் கிழக்கே போனவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இவ்வாறானவர்களுக்கு, இன்றைக்குத் தொடங்கி இன்றைக்கே முடிந்து கையில் நிற்கும் ஒரு பொருள் சிறிய காரியமல்ல. தைத்து முடித்த பையை மடியில் விரித்து வைத்துத் தடவிப் பார்ப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா?

வன்னியின் தையல்

கைத்தையலைப் பற்றி வன்னியில் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போக முடியாது. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று கடற்கரை மணலுக்கு ஒதுக்கப்பட்ட மக்கள் பதுங்குகுழி வெட்டினார்கள். மணல் சரிந்தது. அதைத் தாங்கி நிறுத்தச் சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் சீலைகளை, பெட்டிக்குள் பொத்திக் காத்த கூறைச்சீலைகளையும்கூட, வெட்டிப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். அவசரத்தில் போட்ட நீண்ட நீண்ட தையல்கள். அந்தப் பைகளுக்குள் இருந்து உயிர் தப்பியவர்கள் இன்று எமது சங்கக் கூட்டங்களில் இருக்கின்றார்கள்.

எனவே, மாதர் சங்கத் தலைவிகளுக்கு ஒரு வார்த்தை. ஊசியும் பழஞ்சீலையும் கையில் வந்தவுடன் யாராவது எழுந்து வெளியே போனால், பின்னால் போய்க் கட்டாயப்படுத்தி அழைத்து வராதீர்கள். காரணமும் கேட்காதீர்கள். அதே கைகளால் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் துணி தைத்து ஆறுதல் அடைபவர்களும் உண்டு. எது யாருக்கு என்பதை வெளியில் நிற்கும் நாம் தீர்மானிக்க முடியாது.

பழஞ்சீலைக்கு வேறொரு வரலாறும் உண்டு. வங்காளத்தில் காந்தா என்றொரு கைவேலை இருக்கின்றது. நைந்துபோன சீலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, சீலைக் கரையில் இருந்தே உருவி எடுத்த நூலால், ஆரம்பநிலைத் தையலாகிய ஓடு தையலை மட்டும் போட்டுப் போர்வையாக்குவார்கள். தையல் நெருக்கத்தினால் துணியில் மெல்லிய அலைபோன்ற சுருக்கம் விழும். அதுவே அதன் அழகு. தாயும் பாட்டியும் மத்தியான வேளைகளில் வீட்டுக்கென்று, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று தைத்தவை அவை. எவரும் அதை விற்பனைப் பொருளாக நினைத்துத் தொடங்கவில்லை.

1971 ஆம் ஆண்டு யுத்தத்தின்போது ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் அந்த நாட்டில் இருந்து அகதிகளாக இந்தியாவுக்குப் போனார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது குடும்பத்தலைவனை இழந்த வீடுகள் ஏராளம். அப்போதுதான் தொண்டு நிறுவனங்கள் அந்தப் பழைய வீட்டுத் தையலைத் திரும்பிப் பார்த்தன. பிராக் நிறுவனம் 1978 இல் ஆரோங் என்ற கடையைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களின் கைவேலையை நகரத்தில் விற்றது. ஜமால்பூரும் ஜெசோரும் இன்று காந்தாவுக்குப் பெயர்பெற்ற இடங்கள். ஆனால் கடையில் விற்கும் விலையில் தைத்தவளுக்குப் போய்ச்சேர்வது சிறிய பங்கே என்ற முறைப்பாடு அங்கும் உண்டு. இதையும் சேர்த்தே நாம் படிக்கவேண்டும்.

தென்னமெரிக்காவில் சிலி நாட்டிலும் இத்தகைய ஒன்று நடந்தது. 1973 செப்ரெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின்னர் கைதாகிக் காணாமற்போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் திருச்சபையின் ஆதரவில் கூடி, சாக்குத்துணியின் மேல் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்துத் தமது கதையைப் படமாக்கினார்கள். 1976 இல் கர்தினால் ராவுல் சில்வா என்றிக்கேஸ் ஆரம்பித்த ஒருமைப்பாட்டுப் பணியகம் அவற்றை வெளிநாடுகளில் விற்க உதவியது. வீட்டுச் செலவுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் தையலுக்காகக் கூடிய அந்த அறைகளில்தான் அவர்கள் பயமில்லாமல் அழவும் பேசவும் முடிந்தது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி வீதியோரத்தில் போராட்டத்துக்கு அமர்ந்த எமது தாய்மாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

துணியைத் தெரிந்தெடுத்தல்

இனி வேலைக்கு வருவோம். பழந்துணியை வெட்டுமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடைபோலத் தெரியும். சீலையில் இருக்கும் பகுதியும் கால்பட்டு உரசும் கீழ்ப்பகுதியும் முதலில் நையும். தலைப்பும் கரையும் கடைசிவரை உறுதியாக இருக்கும். சாரத்தில் நடுப்பகுதி போனாலும் ஓரங்கள் நிற்கும். ஜனவரி மாதத்தில் சீருடை தைக்கும் தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத்துண்டுகளைச் சும்மாவே தருவார்.

பருத்தியா, பொலியெஸ்ரரா என்று அறிய ஒரு வழி உண்டு. ஓரத்தில் இருந்து இரண்டொரு நூலை உருவி, தகரத் தட்டின் மேல் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசி எரிவதுபோல் மணத்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கட்டியான மணியாகத் திரளும். இதைப் பெரியவர்கள் செய்யவேண்டும், பிள்ளைகளிடம் விடவேண்டாம். அடுப்படிக்கும் குழந்தைக்கும் பருத்தியே நல்லது. உருகும் துணி தோலில் ஒட்டினால் காயம் ஆழமாகும். புதுப் பருத்தித்துணி என்றால் வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் தைத்த பின்னர் சுருங்கும்.

கை ஊசியில் இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். மெசின் ஊசியில் இது மறுவளம், ஆகவே கடையில் கேட்கும்போது கை ஊசி என்றே கேளுங்கள். நூலை முழங்கையில் இருந்து விரல்நுனி வரையான நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கோக்கும் தொல்லை குறையும் என்று நீட்டி எடுத்தால் முடிச்சு விழுந்து நேரம் இரட்டிப்பாகும். மாரிகாலத்தில் ஊசி துருப்பிடிக்கும்; மூடியுள்ள காய்ந்த போத்தலில் வையுங்கள். எத்தனை ஊசி எடுத்தோம் என்று எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மூன்று தையல் தெரிந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப்போவது ஓடு தையல். துணி அடுக்குகளைச் சேர்க்க இது. இரண்டு துண்டுகளை உறுதியாகப் பொருத்தப் பின்தையல்: ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையலளவு முன்னே எடுத்து, திரும்பிப் பின்னே வந்து முந்திய தையல் முடிந்த இடத்தில் குத்தவேண்டும். பாரம் தாங்கும் பைக்கு இதுவே சரி. மூன்றாவது விளிம்புத் தையல். ஓரத்தை இரண்டு முறை மடித்து, வெட்டிய விளிம்பு உள்ளே மறையும்படி வைத்து, மேல்துணியில் ஓரிரு இழையை மட்டும் பிடித்துத் தைப்பது.

முதல் வேலையாகச் சட்டி இறக்கும் பிடிதுணி ஒன்று தைத்துப் பாருங்கள். ஒரு சாண் அளவு சதுரமாகப் பருத்தித்துணி நான்கைந்து வெட்டி, நடுவில் பழைய துவாய்த் துண்டொன்றை வைத்து, இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓடு தையல் போட்டு, ஓரத்தை மடித்துத் தைத்தால் முடிந்தது. தொங்கவிட ஒரு வளையம் வையுங்கள். காய்ந்த நிலையிலேயே பாவிக்கவேண்டும். ஈரமான துணி சூட்டை உடனே கைக்குக் கடத்தும்.

விவசாயிகளாகிய எமக்கு மிகவும் பயன்படக்கூடியது விதைப்பை. ஒரு சாண் நீளம், நான்கு விரற்கடை குறைந்த அகலம். இரண்டு பக்கமும் அடியும் பின்தையல், வாயில் மடித்துத் தைத்து ஒரு கயிறு. பயறு, கௌபி, வெண்டி, மிளகாய் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பை. பையின் மேல் விதையின் பெயரையும் எடுத்த வருடத்தையும் வர்ண நூலால் தைத்துவிடுங்கள். கடதாசியில் எழுதி உள்ளே போட்டதைப் பூச்சி தின்றுவிடும், தைத்த எழுத்து நிற்கும். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்தால் அதுவும் ஒரு பாடம். ஒரு எச்சரிக்கை: துணிப்பை காற்றை விடும், அதுபோலவே ஈரத்தையும் விடும். நன்றாகக் காய்ந்த விதையைப் போட்டு, மாரி தொடங்குமுன் பைகளை இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணிக்குள் வையுங்கள். ஒருமுறை இடம்பெயர்ந்தபோது விதைநெல்லை விட்டுப்போய், திரும்பி வந்து யாரோ தந்த விதையை விதைத்தவர்கள் எம்மிடையே உண்டு. ஊர் விதையைச் சிறு சிறு பைகளில் பெயரோடு வைத்திருப்பது வெறும் அலங்காரம் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள்.

இவற்றைத் தவிர, சுருக்குப்பை, தலையணை உறை, லேஞ்சி, குழந்தையின் அணைதுணி, கால்மிதி என்று ஒவ்வொரு நாளும் ஒன்றாகச் செய்யலாம். மாதவிடாய்க்கான துணியையும் மென்மையான பருத்தியில் மடித்துத் தைத்து வைத்துக்கொள்ளலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒளித்து வைக்காமல் வெயிலில் காயவிடுவதே முக்கியம். கடையில் விற்கும் பொருளின் விலையைப் பார்க்கும்போது இதை எழுதக் கூச்சப்படத் தேவையில்லை என்று நினைக்கின்றோம். ஒன்றும் புதிதாகச் செய்ய மனமில்லாத நாளில் பிள்ளையின் சீருடையில் விழுந்த தெறி ஒன்றைத் தைத்துவிடுங்கள். அதுவும் அன்றைய கணக்கில் சேரும்.

யார் தைப்பது?

தையல் பெண்களின் வேலை என்ற பேச்சை நாம் ஏற்கவில்லை. நாச்சிக்குடாக் கரையில் வலை பொத்துவது யார்? நெல்லுச் சாக்கின் வாயைச் சாக்கு ஊசியால் தைப்பது யார்? சந்தியில் கடை வைத்திருக்கும் தையல்காரரும் ஆண்தானே. வலையையும் சாக்கையும் தைக்கும் கை, தன் சாரத்தில் விழுந்த கிழிசலைத் தைக்க மட்டும் மனைவியைக் கூப்பிடுவது ஏனென்று எமக்கு விளங்கவில்லை. மகனுக்கும் மகளுக்கும் ஒருமித்தே ஊசி பிடிக்கப் பழக்குங்கள். ஏழெட்டு வயதில் சாக்குத்துண்டிலும் பெரிய ஊசியிலும் தொடங்கலாம்.

நாற்பது வயது தாண்டினால் அநேகருக்குக் கிட்டப்பார்வை மங்கும், ஊசிக்காது தெரியாது. அம்மம்மாமார் தையலைக் கைவிடுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம், விரல்கள் அல்ல. பள்ளிக்கூடம் போகுமுன் பேரப்பிள்ளை ஐந்தாறு ஊசியில் நூல் கோத்து ஒரு துணியில் குத்தி வைத்துவிட்டுப் போனால், பகல் முழுக்க அம்மம்மா எவரையும் கூப்பிடத் தேவையில்லை. இருட்டில், மங்கிய விளக்கில் இருந்து தைப்பதைத் தவிருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், விறாந்தையில், வலக்கைக்காரர் இடப்பக்கம் வெளிச்சம் விழும்படி இருந்தால் கையின் நிழல் தையலில் விழாது.

விற்பனை பற்றி

இரண்டு மூன்று மாதம் வீட்டுக்குத் தைத்த பின்னர், தையல் நேராக வரத் தொடங்கிய பின்னர், விற்கலாமா என்று யோசியுங்கள். அப்போது கொப்பியும் பேனையும் எடுத்துக் கணக்குப் பாருங்கள். உதாரணமாக, ஒரு சுருக்குப்பைக்கு நூலும் கயிறும் 40 ரூபா, தைக்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாவுக்கு விற்றால் மிஞ்சுவது 160 ரூபா. அதாவது மணிக்கு 80 ரூபா. எட்டு மணி நேரம் குனிந்திருந்து நான்கு பை தைத்தாலும் 640 ரூபாதான். உங்கள் ஊரில் ஒரு நாள் களை பிடுங்கும் கூலி எவ்வளவு? பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்து மனம் சோர வேண்டாம். ஏமாறாமல் இருக்கவே அதைச் சொல்கின்றோம். கூலி வேலை கிடைக்கும் நாளில் ஊசியோடு இருப்பது நட்டம். வேலையற்ற நாளிலும் துண்டு நேரத்திலும் தைப்பது, மற்றப்படி வீணாகும் நேரத்தில் வரும் சிறு காசு. உள்ளங்காலபோகம் வெட்டி முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாத மாதங்களில் இதன் பெறுமதி கூடும். இன்னமும் காணி விடுபடாமல், விதைக்க நிலமின்றி இருக்கும் குடும்பங்கள் இதை நிலத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஒரு பெட்டி நூலையும் ஊசியையும் கொடுத்துவிட்டுக் காணிக் கேள்வியை மறக்கச் செய்யும் திட்டம் எவர் கொண்டுவந்தாலும், நாமே கொண்டுவந்தாலும், அதைக் கேள்வி கேளுங்கள்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அங்கே நூற்றுக்கணக்கில் மெசின்கள் ஓடும்போது சட்டையிலும் உள்ளாடையிலும் நாம் போட்டியிட முடியாது. கைவேலை என்று பார்த்து வாங்கும் பொருளையே விற்க முயலவேண்டும். பொலித்தீன் பைகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்திருக்கும் இக்காலத்தில் சந்தைக்குக் கொண்டுபோகும் உறுதியான துணிப்பை, திருவிழாக் காலத்தில் சுருக்குப்பை, பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பழஞ்சீலைப் போர்வை போன்றவை ஊருக்குள்ளேயே போகும். கடைக்காரர் விற்றபின் காசு தருகிறேன் என்றால் முதல் தடவை ஐந்து பைக்கு மேல் கொடுக்காதீர்கள். முற்பணம் கட்டச்சொல்லி வேலை தருகின்றோம் என்று வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கொடுப்பதற்கும் சிலது தையுங்கள். யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அழுதுகொண்டு நின்ற கைம்பெண்கள் பேதுருவுக்குக் காட்டியது அவர் தமக்குத் தைத்துத் தந்த அங்கிகளையும் ஆடைகளையும்தான் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கின்றது. அவருடைய வருமானம் எவ்வளவு என்று அங்கே எழுதப்படவில்லை.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

எமது கிராமத்தில் ஓடாமல் நிற்கும் மெசின்கள் எத்தனை? ஒன்றைத் திருத்தி, நீண்ட தையல் உள்ள வேலைகளுக்குப் பொதுவில் வைக்க உரியவர்கள் சம்மதிப்பார்களா? ஒரு நாளில் உங்களுக்குக் கிடைக்கும் துண்டு நேரங்கள் எவை. அதில் ஓய்வுக்கு என்று தொடாமல் விடவேண்டியது எது? வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்த ஆண்கள் யார்? சென்ற மாதம் கடையில் வாங்கிய துணிப்பொருட்களில் எதை நாமே தைத்திருக்கலாம், எதை வாங்குவதே இலாபம்? அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் கிடக்கும் ஒரு பழஞ்சீலையையும், கோத்த ஊசி ஒன்றையும் கொண்டுவாருங்கள். கத்தரிக்கோல் இரண்டு இருந்தால் எல்லோருக்கும் போதும்.